பெரட்டில் என் பேர் இல்லை

பெரட்டுக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்காத ஆள் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இருபத்தாறு வருஷமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுகிறவன் நான். என் குரலுக்கு முன்வரிசையில் நாலு பிள்ளைகள் 'சேர்' என்று சொல்லும். மிச்சப் பேர் மழை வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கூப்பிட்டால் மழையே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் பெய்யும்.

தோட்டத்து விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து முப்பத்தைந்து வருஷம் அதைச் செய்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் செய்தார். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை சொக்ஸ், கையில் கறுப்புக் குடை. வீட்டு முற்றத்தில் நின்று, "மரகதம்" என்று கூப்பிட்டார். மரகதம் அவருடைய மனைவி.

"வந்திருக்கேன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

"லெச்சுமி."

லெச்சுமி பசு. அது என்ன சொன்னது என்று தெரியாது, ஆனால் 'வந்திருக்கு' என்று அவரே சொல்லி, பால் வேலையை அதற்குப் பிரித்துக் கொடுத்தார். அன்றையிலிருந்து அவருக்குப் பெரட்டுக்காரர் என்பதே பேர். சொந்தப் பேரைக் கேட்டால் மரகதம் அக்காகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

பஸ்ஸில் ஏறினாலும் பெரட்டுதான். ஹட்டனில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, தெரிந்த முகத்தை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தெரியாதவர்களிடம் பேரைக் கேட்டுக் கூப்பிடுவார். பட்டிப்பொலைக்குப் போக ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு மனுஷன் தவறுதலாக டிக்கோயா பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததே அந்தப் பெரட்டுதான். அந்த மனுஷன் ஓடிப்போய் ரயிலையும் பிடித்துவிட்டார். அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். எனக்குப் பக்கத்து சீட்டில்தான் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது தோன்றவில்லை, என்ன செய்வது?

என் தங்கை மகன் கல்யாணத்தில் நான் வாழ்த்துரை வழங்கினேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. சனங்கள் கோழி இறைச்சியில் எலும்பு தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியதும் பெரட்டுக்காரர் மேடையேறி, மாப்பிள்ளை வீட்டு ஆட்களைப் பெரட்டு எடுத்தார். மாப்பிள்ளையின் பேரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வேல, பொண்ணு சொல்றதக் கேக்குறது," என்றார். மண்டபம் குலுங்கியது. கல்யாண வீடியோவில் அவர் பதினோரு நிமிஷம் வருகிறார். என் வாழ்த்துரைக்கு மேலே வீடியோக்காரர் பாட்டுப் போட்டுவிட்டார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கால்பந்து விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே ஒரு மைதானம் இருக்கிறது. மைதானம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மறு பக்கம் தேயிலை. பந்து தேயிலைக்குள் போனால் விளையாட்டை நிறுத்திவிட்டு இரண்டு டீமும் சேர்ந்து தேடும். அங்கே விளையாடும் மேல்கணக்கு டீமுக்கு ஆதரவாளர் சங்கம் உண்டு. அதன் செயலாளர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பவர் பெரட்டுக்காரர். கொழுந்து கிலோ குறைந்த ஆளுக்குத் தோட்டத்தில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடுவார்கள். சோம்பலாக ஓடுகிற விளையாட்டுக்காரனுக்கு இவர் அரைப் பேர் போட்டார்.

"ஏழாம் நம்பரு, அரைப் பேரு," என்பார். அவ்வளவுதான். ஏழாம் நம்பர் நாய் துரத்தியதுபோல் ஓடுவான்.

ஊரில் எல்லோருக்கும் கை முடை வந்த காலத்தில் டீமுக்கு பூட்ஸ்கூட இல்லாமல் போனது. அப்போது கொழும்பிலிருந்து ஒரு முதலாளி வந்தார். மெத்தை, தலையணை வியாபாரம். மிஸ்டர் செல்வா என்று பேர். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார், பந்து வாங்கிக் கொடுத்தார், கிளப்பைத் தன் பேரில் பதிந்தும் கொண்டார். நாங்கள் கைதட்டினோம். அடுத்த மாதம் எங்கள் பச்சை ஜேர்சி போய் இளஞ்சிவப்பு ஜேர்சி வந்தது. முன்னால் ஒரு தலையணைப் படம். பின்னால் நம்பருக்குக் கீழே கடையின் தொலைபேசி எண். எங்கள் பையன்கள் மைதானத்தில் இறங்கியதும் எதிர் டீம் ஆட்கள் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

அதையும் விழுங்கினோம். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் விழுங்க முடியாதது. சீசன் முடிந்ததும் கிளப்பைக் கொழும்புப் பக்கம் வத்தளைக்குக் கொண்டுபோகப் போகிறாராம். அங்கே நல்ல மைதானம் இருக்கிறதாம். இங்கேயிருந்து வரமுடியாத பையன்களுக்குப் பதிலாக அங்கே ஆள் எடுப்பாராம். இத்தனைக்கும் அந்த மனுஷன் ஒரு மேட்ச்கூட வந்து பார்த்ததில்லை.

போராட வேண்டும் என்று முடிவாயிற்று. டீம் எங்கள் மண்ணிலேயே இருக்க வேண்டும், அதைக் காப்பாற்றியவர் நம்ம சேர்தான் என்று ஊர் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டும் ஒரே அளவு ஆசை.

முதலில் மனு எழுதினேன். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று ஆரம்பித்து ஏழு மனு. ஒன்றுக்கும் பதில் இல்லை. எட்டாவதாக, தலையணை உறை பாதி விலை என்று அவர்கள் கடையிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

அடுத்தது கறுப்புக்கொடி. முதலாளி ஹட்டனுக்கு வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, வளைவில் நாற்பது பேரைக் கறுப்புக்கொடியோடு நிறுத்தினேன். சரியாக அந்த நேரத்துக்குப் பனி மூட்டம் இறங்கியது. எனக்கு என் கையே தெரியவில்லை. ஒரு கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது முதலாளியின் காரா, மரக்கறி வேனா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது.

மூன்றாவதாக முதுகு காட்டும் போராட்டம். மேட்ச் நடக்கும்போது ஆதரவாளர்கள் எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது. முதல் பாதி முழுக்க ஒழுங்காக நின்றார்கள். நான் பெருமையில் பூரித்துப் போனேன். இரண்டாம் பாதியில் எங்கள் ஏழாம் நம்பர் நடு மைதானத்திலிருந்து அடித்தான் பாருங்கள் ஒரு கோல், பத்து வருஷத்தில் அப்படி ஒரு கோல் விழுந்ததில்லை என்கிறார்கள். என்கிறார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். எல்லோரும் சரியான நேரத்தில் திரும்பிவிட்டார்கள். செயலாளர் என்பதால் நான் ஒருவன்தான் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏழாம் நம்பருக்கு ஒண்ணரைப் பேரு," என்று எனக்குப் பின்னால் பெரட்டுக்காரரின் குரல் கேட்டது.

அடுத்த ஞாயிறு, ஒருவரிடமும் சொல்லாமல், சங்கத்தில் தீர்மானமும் போடாமல், அவர் தன் போராட்டத்தைத் தொடங்கினார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடுக்கோட்டுக்கு வந்து குடையை ஊன்றி நின்றார். பதினொரு பையன்களையும் கூப்பிட்டார். பிறகு ஆதரவாளர்களைக் கூப்பிட்டார். மைதானத்தில் வடை விற்கிற பிலோமினா அக்காவைக் கூப்பிட்டார். "வந்திருக்கேங்க. வடை சூடா இருக்கு," என்றார் அக்கா. டைகர் என்கிற நாயைக் கூப்பிட்டார். டைகர் வாலை ஆட்டியது. கடைசியாக, மூச்சை இழுத்து, கீழ்க்கணக்கு வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"கருப்பையா மகன் செல்வராசு."

யாரந்தச் செல்வராசு என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நம்ம மெத்த மொதலாளி தாங்க. இந்த மேக்கணக்கு லயத்துல பொறந்த பய. எங்கிட்ட மூணு மாசம் பெரட்டுக்கு வந்திருக்கான்," என்றார் சாவகாசமாக. பிறகு குரலை உயர்த்தி, "வரல்ல," என்றார்.

"வரல்ல," என்று மைதானம் முழுக்கச் சொன்னது. அந்தச் சத்தத்தில் தொழிற்சாலைக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஏழு மனுவில் நான் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்த மனுஷன் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். மறு வாரம் ஹட்டனில் ஓட்டோக்காரர்கள் அதைப் போட்டுக் காட்டினார்கள். கொத்மலையில் வெளி மேட்சுக்குப் போனால் அங்கேயும் பெரட்டு. எதிர் டீமின் சிங்களப் பையன்களே சேர்ந்துகொண்டு "ஆவே நே" என்று கத்தினார்கள். வரவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் நான் இடாப்பு கூப்பிட்டு ஒரு பிள்ளை வராமலிருந்தால் முழு வகுப்பும் "வரல்ல" என்று ராகம் போட்டது. அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி போனில் அதே வீடியோ.

"நீ ஏன் அதப் பாக்குற?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குங்க. ஒங்களுக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? சங்கத்துக்கு ஒரு ஒழுங்கு வேணாமா?"

"வயித்தெரிச்சல்தான்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

வயிற்றெரிச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள்ளே இன்னொரு எரிச்சலும் இருந்தது. அதை மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாயைக் கூப்பிட்டார். சும்மா வேடிக்கை பார்க்க வந்த மருந்துக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட்டார். முதல் வரிசையில் மனுக்கள் வைத்த கோப்பை அணைத்துக்கொண்டு நிற்கிற என்னை மட்டும், பத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வாரமும் 'வந்திருக்கேன்' என்று சொல்ல நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பேன். அவர் கண் என்னைத் தாண்டிப் பிலோமினா அக்காவிடம் போய்விடும்.

ஒருநாள் பொறுக்காமல், "சங்கத்தக் கேக்காம நீங்களா பெரட்டு எடுக்குறது சரியில்லீங்க," என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க எழுதுங்க மாஸ்டர். நான் கூப்பிடுறேன்," என்றார், கோபமே இல்லாமல். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சீசனின் கடைசி மேட்சுக்கு முதலாளி வந்தார். கிளப் வத்தளைக்குப் போவதை மைக்கில் அறிவிக்க வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மைதான ஓரத்தில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருவரோடும் தமிழில் பேசவில்லை.

இது என்னுடைய நாள் என்று தீர்மானித்திருந்தேன். நாலு பக்கத்தில் ஒரு முறையீடு. சனங்களுக்கு முன்னால் அவர் முகத்துக்கு நேரே வாசிப்பது. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஆறு தடவை வாசித்துப் பார்த்திருந்தேன். பெரட்டு முடிந்ததும் முன்னால் போகலாம் என்று காகிதத்தைப் பிரித்துக்கொண்டு நின்றேன்.

பெரட்டுக்காரர் வழக்கம்போல் வந்து நின்றார். பையன்கள், ஆதரவாளர்கள், பிலோமினா அக்கா, டைகர். பந்தலின் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"கருப்பையா மகன் செல்வராசு."

'வரல்ல' என்று சொல்ல முந்நூறு பேர் மூச்சை இழுத்தோம்.

"வந்திருக்கேங்க ஐயா."

பந்தலுக்குள் முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன. அவர் எழுந்தது எங்களுக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். வாய் திறந்தபடி நின்றார். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நாங்களும் நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. எங்களில் யாரைக் கூப்பிட்டிருந்தாலும் அப்படித்தான் எழுந்திருப்போம்.

பெரட்டுக்காரர் தலையை ஆட்டினார். வந்த ஆளுக்கு வேலை கொடுக்க வேண்டும், அது முறை.

"கோல் கம்பத்துக்குப் பின்னால தண்ணி ஓடுற கான் தூந்து கெடக்கு. தண்ணி நிக்கிது. கான் வெட்டு."

"சரிங்க ஐயா," என்றார் முதலாளி.

ஆட்டம் தொடங்கியது. யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இடைவேளையில் முதலாளி பந்தலை விட்டு நடந்து வந்தார். வெள்ளைச் சப்பாத்து சேற்றில் புதைந்தது. நான் நாலு பக்கத்தையும் தூக்கிப் பிடித்துத் தொண்டையைச் செருமினேன். அவர் என்னைத் தாண்டிப் பெரட்டுக்காரரிடம் போனார்.

"ஐயா, என்னைய ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? கவ்வாத்துக் கத்திய புடிக்கத் தெரியாது ஒனக்கு. ஆனா ஒரு நாளு பிந்தி வந்ததில்ல."

"எங்கம்மாவுக்கு ஒரே மாசத்துல எட்டு தடவ அரைப் பேரு போட்டீங்க. அது ஞாபகம் இருக்கா?"

பெரட்டுக்காரர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த மனுஷன் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இருக்கு. அது மழை மாசம். மலையில கொழுந்தே இல்ல. நான் தொரகிட்டப் போயிப் பேசியிருக்கணும். பயந்துகிட்டுப் பேசல. தப்புத்தான்பா."

முதலாளி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்த எடத்துல இருந்து எதையாச்சும் புடுங்கிட்டுப் போவணும்னு ஒரு வெறி ஐயா. வேற ஒண்ணுமில்ல."

"கொண்டு போறதுன்னா கொண்டு போ. ஒம் பேருலதான இருக்கு. ஆனா கான வெட்டிட்டுப் போ. கூப்பிட்டேன், வந்திட்ட, இன்னைக்கு ஒன் வேல அதுதான்."

முதலாளி சப்பாத்தைக் கழற்றினார். மைதானக் கொட்டிலிலிருந்து மம்பட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தது நான்தான். அதை ஒரு பயலும் வீடியோ எடுக்கவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கால் மணி நேரம் கான் வெட்டினார். நன்றாகத்தான் வெட்டினார். தேங்கிய தண்ணீர் சளசளவென்று தேயிலைப் பக்கம் ஓடியது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பிலோமினா அக்காவிடம் இரண்டு வடை வாங்கித் தின்றுவிட்டு, மைக்கைத் தொடாமலே காரில் ஏறினார்.

மூன்றாம் நாள் முதலாளியிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சங்கச் செயலாளர் என்பதால் என்னுடைய நம்பர்தான் அவரிடம் இருந்தது. 'டீம் அங்கேயே இருக்கட்டும். பெரட்டு ஐயாவிடம் சொல்லவும்.' அவ்வளவுதான். ஒரு சீசன் முழுக்க நடந்த போராட்டத்தின் வெற்றிச் செய்தியை, மழையில் நனைந்துகொண்டு, பெரட்டுக்காரர் வீட்டு முற்றத்துக்கே போய் நான் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, "மாட்டுக்குப் புல்லுப் போட்டுட்டு வாரேன் மாஸ்டர்," என்றார். ஜேர்சியில் தலையணை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் புதிதாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மரகதம் அக்காவுக்கு முழங்கால் வலி கூடியது. இந்தக் குளிரும் படியும் ஆகாது என்று அவர்களுடைய மகள் அம்மாவையும் அப்பாவையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். மகள் இருப்பது எங்கே தெரியுமா? வத்தளையில். கிளப்பைத் தடுத்து நிறுத்தினோம், ஆளை நிறுத்த முடியவில்லை. லெச்சுமியைப் பிலோமினா அக்கா வாங்கிக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் சொல்லிக்கொண்டு போகப் பெரட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். அதே காக்கி, அதே சொக்ஸ். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நான் அடக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கணும்ங்க. நாயக்கூடக் கூப்பிட்டீங்க. என் பேர ஏன் ஒரு நாளுகூடக் கூப்பிடல?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர் இப்பிடிக் கேக்குறீங்க? பெரட்டு எடுக்குறவரு பேர பெரட்டுல கூப்பிடுற வழக்கமில்லையே."

"எடுத்தது நீங்கதானே?"

"சங்கம் யாரோடது? ஒங்களோடது. ஒங்களுக்குத் தொண்ட பத்தாது, அதனால நான் கூப்பிட்டுக் குடுத்தேன். பெரட்டு ஒங்க பெரட்டுத்தானே."

குடையை எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கிப் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து மனைவி என்னமோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று இன்றைக்கும் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கூப்பிடுகிறேன். முதல் வாரம் என் குரல் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. "பழைய ஐயா மாதிரி வராது சேர்," என்று ஏழாம் நம்பர் என் முகத்துக்கு நேரே சொன்னான். அவனுக்கு அன்றைக்கு அரைப் பேர் போட்டேன். இப்போது பரவாயில்லை, தேயிலை வரைக்கும் கேட்கிறதாம்.

போன ஞாயிறு பெரட்டு முடிந்து வந்தபோது, பிலோமினா அக்கா வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சேர், எல்லாரு பேரையும் கூப்பிட்டீங்க. நம்ம ஐயா பேர மட்டும் கூப்பிடலயே. மறந்துட்டீங்களா? வரல்லன்னு சொல்றதுக்கு நாங்க எல்லாரும் காத்துகிட்டு நின்னோம்."

"மறக்கல," என்றேன். "பெரட்டு எடுக்குறவரு பேர பெரட்டுல கூப்பிடுற வழக்கமில்ல அக்கா."